செஞ்சிப் பாறையும் உயிரணுவின் முரசும்

சித்திரைக் கடைசியில் செஞ்சிக்குப் போகாதீர்கள் என்று எங்களைத் தடுத்தவர்கள் பலர். ஆயினும் போனோம். காலை ஏழு மணிக்கே ராஜகிரியின் படிகளில் கால் வைத்தும், உச்சியிலுள்ள களஞ்சியத்தையும் ரங்கநாதர் கோயிலையும் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கியபோது பதினொன்றாகிவிட்டது. எண்ணூறு அடி உயரக் கருங்கல் மலை. உள்ளங்கையைப் பாறைமேல் வைத்தால் ஒரு நொடிக்குமேல் வைத்திருக்க இயலவில்லை. ஆனால் அதே பாறையின் வெடிப்புகளில், கைப்பிடி மண்ணும் இல்லாத இடத்தில், புற்கள் வேர்விட்டிருந்தன. நாங்கள் நிழல் தேடி ஓடினோம்; அவை அங்கேயே நின்றன.

அடிவாரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், "இந்த வெயிலில் எப்படி ஆயா உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "வெயிலு நமக்குப் புதுசா தம்பி? ஒடம்பு பழகிடுச்சு" என்றார். விடியற்காலையில் மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிவிட்டு, அதன்பின் இங்கே வந்து அமர்ந்திருக்கிறார் என்பது பிறகு தெரியவந்தது.

பழகிடுச்சு என்ற அந்தச் சொல் ஊர் திரும்பிய பின்னும் எங்களை விடவில்லை. உடம்பு பழகுவது என்றால் உண்மையில் என்ன? புல்லுக்கும் மனிதருக்கும் பொதுவாக ஏதேனும் ஒரு வழி உண்டா? உண்டு என்கிறது கடந்த அறுபது ஆண்டுகளின் உயிரியல். அந்த அறிவு வந்த வழியைச் செஞ்சியின் கதையோடு சேர்த்துச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

தொடக்கம் ஒரு தவறு. 1960களின் முதலாண்டுகளில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து ஆய்வகம் ஒன்றில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற இளைஞர் பழ ஈக்களின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார. ஈயின் புழுப்பருவத்தில் உமிழ்நீர்ச் சுரப்பியின் குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியுமளவு தடித்திருக்கும். ஒரு மரபணு மும்முரமாக வேலை செய்யும்போது, குரோமோசோமில் அந்த இடம் பஞ்சு போல உப்பி நிற்கும். அந்த உப்பல்களைப் பார்த்தே எந்த மரபணு விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்று அக்காலத்தில் கணித்தார்கள்.

ஒரு நாள் சக ஆய்வாளர் ஒருவர் ஈக்கள் இருந்த வெப்பப்பெட்டியின் சூட்டை, தெரியாமலே, கூட்டிவிட்டார். மறுபடி குரோமோசோம்களைப் பார்த்த ரிட்டோசா வியந்துபோனார். வழக்கமான உப்பல்கள் அடங்கி, முன்பு காணாத இடங்களில் புதிய உப்பல்கள் எழுந்திருந்தன. அதுவும் சில நிமிடங்களுக்குள். சூடு மட்டுமல்லாமல், டைநைட்ரோஃபீனால், சோடியம் சாலிசிலேட் ஆகிய வேதிப்பொருள்களும் அதே உப்பல்களை எழுப்பின என்பதையும் அவர் கண்டார். வெவ்வேறு துன்பங்களுக்கு உயிரணு ஒரே மொழியில் மறுமொழி சொல்கிறது என்பதன் முதல் சான்று அதுவே.

புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்று, உயிரியலில் இதற்கு முக்கியத்துவம் ஏதும் இல்லை என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டதாக ரிட்டோசா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1962இல் 'எக்ஸ்பீரியன்ஷியா' இதழ் அதை வெளியிட்டது. அதன் பின்னரும் பத்தாண்டுக்கு மேலாக, ஈ ஆராய்ச்சியாளர்கள் சிலரைத் தவிர, யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1974இல் ஆல்ஃபிரட் டிசியேர் முதலானோர் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், சூடுபட்ட ஈக்களின் உயிரணுக்கள் புதிதாகச் சில புரதங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்வதைக் காட்டினார்கள். 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்' என்ற பெயர் நிலைத்தது. பிறகு தேடிய இடமெல்லாம் அவை கிடைத்தன: பாக்டீரியாவில், ஈஸ்ட்டில், சோயா நாற்றில், கோழியில், மனிதரில்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்குண்டு என்பதைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. 1970இல், அதாவது டிசியேர் கட்டுரைக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, கல்கத்தாவில் ஏ. எஸ். முகர்ஜியும் அவருடைய மாணவர் சுபாஷ் சந்திர லகோட்டியாவும், பென்சமைடு என்ற வேதிப்பொருள் ஈயின் குரோமோசோமில் '93டி' என்ற ஒரே ஓர் இடத்தை மட்டும் உப்பச் செய்வதைக் கண்டு வெளியிட்டனர். வெப்ப அதிர்ச்சியிலும் உப்பும் இடங்களுள் அதுவும் ஒன்று. லகோட்டியா பின்னர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் அந்த ஓர் இடத்தைப் பற்றியே பல பத்தாண்டுகள் உழைத்தார்.

அதில் ஒரு விந்தை இருந்தது. மற்ற வெப்ப அதிர்ச்சி மரபணுக்கள் புரதம் ஆக்குகின்றன. 93டி என்ற இடத்திலிருந்து ஆர்.என்.ஏ. எக்கச்சக்கமாக வருகிறது, ஆனால் அதிலிருந்து சொல்லத்தக்க புரதம் எதுவும் ஆவதில்லை. புரதம் ஆகாத ஆர்.என்.ஏ.வைப் பயனற்றதென்று ஒதுக்கிய காலம் அது. லகோட்டியா குழுவினர் விடவில்லை. அந்த ஆர்.என்.ஏ. உட்கருவுக்குள் சிறுசிறு புள்ளிகளாகத் திரண்டு, ஆர்.என்.ஏ.வைச் செப்பனிடும் புரதங்களைத் தம்மிடம் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்றும், வெப்பம் தாக்கும்போது இது தீவிரமாகிறது என்றும் 2000இல் காட்டினார்கள். போர்க்காலத்தில் தச்சரும் கொல்லரும் தெருவில் திரிந்து அடிபடாமல் ஓரிடத்தில் ஒதுங்கி இருப்பதைப் போன்றது இது எனலாம். மனித உயிரணுவிலும் வெப்பத்தில் இதையொத்த ஆர்.என்.ஏ. திரள்கள் தோன்றுவதைப் பின்னர் கண்டார்கள்.

*

இனி, முரசுக்கு வருவோம். சூடு ஏறியவுடன் இத்தனை மரபணுக்களையும் ஒரே நேரத்தில் எழுப்புவது யார்?

மரபணு என்பது ஏடு. அதைப் படியெடுத்தால்தான் செயல் நடக்கும். எந்த ஏட்டை எப்போது படியெடுப்பது என்று முடிவு செய்யும் புரதங்களுக்குப் படியெடுப்புக் காரணிகள் என்று பெயர். 1982இல் ஹியூ பெல்ஹாம், வெப்ப அதிர்ச்சி மரபணுக்களின் முகப்பில் பொதுவானதொரு எழுத்துத் தொடர் இருப்பதைக் கண்டறிந்தார். அது வாயிற்கதவின் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கும் கை எது என்பதை 1984இல் கார்ல் வூவின் குழுவும் கார்ல் பார்க்கரின் குழுவும் தனித்தனியே தேடிப் பிடித்தன. அதுவே வெப்ப அதிர்ச்சிப் படியெடுப்புக் காரணி. 1988இல் ஈஸ்ட்டிலும், 1990இல் தக்காளியிலும் ஈயிலும், 1991இல் மனிதரிலும் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது.

இந்தக் காரணி, ஆபத்து வந்த பிறகு செய்யப்படுவதன்று. மனித உயிரணுவில் அது எப்போதும் இருக்கிறது. ஆனால் கட்டுண்டு இருக்கிறது. கட்டி வைத்திருப்பவை யாவை? அது எவற்றை உண்டாக்கச் சொல்கிறதோ, அதே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்தாம்!

இதைச் சற்று விளக்க வேண்டும். புரதம் என்பது நூல் போன்றது. சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். வெப்பம் கூடினால் மடிப்புக் குலையும். குலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல. அவற்றைப் பிடித்து, ஒட்டாமல் காத்து, மறுபடி மடித்து விடுவதே வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் தொழில். அமைதிக் காலத்தில் அவற்றுக்கு வேலை குறைவு. எனவே சில, காரணியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வெப்பம் தாக்கிக் குலைந்த புரதங்கள் பெருகியதும், காவலாக நின்றவையும் அந்தப் பணிக்கு ஓடுகின்றன. காவல் நீங்கியதும் காரணி விடுபடுகிறது, மும்மூன்றாகச் சேர்கிறது, தாழ்ப்பாளைப் பற்றுகிறது. காரணியே வெப்பத்தை ஓரளவு நேரடியாக உணர்வதும் உண்டு. எனினும் முதன்மையான விளக்கம் இதுவே.

செஞ்சிக் கோட்டையில் முரசுக் காவலர்கள் முரசின்மேல் கைவைத்து அதை அமைதியாக வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். மதிலுக்குள் காயம்பட்டவர்கள் விழுகிறார்கள். காவலர்கள் அவர்களைத் தூக்க ஓடுகிறார்கள். கை எடுத்த மாத்திரத்தில் முரசு தானே முழங்குகிறது. எதிரி வந்தான் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை; காயம்தான் செய்தி. புதிய ஆட்கள் திரண்டு வந்து காயமுற்றோர் எல்லோரையும் பார்த்து முடித்ததும், மிஞ்சிய ஆட்கள் மறுபடி முரசின்மேல் கை வைக்கிறார்கள், ஓசை அடங்குகிறது.

முரசு ஒலிக்கும் நேரத்தில் கோட்டையின் மற்ற வேலைகள் நின்றுபோகின்றன. வளர்ச்சி, பிரிதல், வழக்கமான புரத உற்பத்தி எல்லாம் பின்தள்ளப்படுகின்றன. ஈயில் அமைதிக் காலத்தில் கிட்டத்தட்ட இல்லாத 'எச்.எஸ்.பி.70' என்ற புரதம் ஆயிரம் மடங்குக்குமேல் பெருகுகிறது. அதன் மரபணுவின் வாயிலில் படியெடுக்கும் பொறி முன்கூட்டியே வந்து, சேணம் பூட்டிய குதிரை போல, ஓர் அடி எடுத்து வைத்த நிலையில் காத்து நிற்கிறது. வெப்பத்தில் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் வேலை தடைப்படும். எனவே வெட்டி ஒட்டத் தேவையே இல்லாதபடி இடைச்செருகல் அற்ற மரபணுவாக அது அமைந்திருக்கிறது.

*

சேணம் பூட்டிய குதிரை என்றதும் செஞ்சிக்காரர்களுக்குத் தேசிங்கு ராஜன்தான் நினைவுக்கு வருவான். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாததுல்லா கானின் பெரும்படையைச் சிறு படையுடன் எதிர்த்துப் பாய்ந்து மடிந்த இளைஞன். கதைப்பாட்டாகவும் கூத்தாகவும் அவன் இன்றும் உயிரோடிருக்கிறான்.

ஆனால் அதே கோட்டை அதற்கு முன் கண்ட இன்னொரு போர், மக்கள் நினைவில் அவ்வளவாக இல்லை. 1689இன் இறுதியில் சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து சேர்ந்தார். 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். 1698இன் தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது; அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டிருந்தார். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி இடம்பெற்றதற்குப் பின்னணி இந்த வரலாறே.

உயிரணுவின் வழி தேசிங்கின் வழியன்று, இந்த முற்றுகையின் வழி. களஞ்சியத்தில் நெல், உச்சியில் வற்றாத சுனை, கல்யாண மகாலின் மேல்தளங்கள்வரை சுடுமண் குழாயில் ஏறிய நீர், மலைப்பிளவின்மேல் எடுத்துவிடக்கூடிய பாலம்: இவையெல்லாம் முன்கூட்டியே செய்யப்பட்ட ஏற்பாடுகள். ஆனால் எட்டாண்டு முற்றுகை என்பதை இடைவிடாத எட்டாண்டு என்று எண்ணிவிடக் கூடாது. 1692இன் இறுதியில் சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வந்து முற்றுகையிட்டவர்களுக்கே தானியம் போகாமல் அறுத்துவிட்டார்கள். பசியால் வாடிய முகலாயப் படை 1693இன் தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கியது. கோட்டை மூச்சுவிட்டது. அப்படி மூச்சுவிடக் கிடைத்த இடைவெளிகள் இல்லாமற்போயிருந்தால் எந்தச் சுனையும் எந்தக் களஞ்சியமும் எட்டாண்டு தாங்கியிரா.

உயிரணுவுக்கும் அப்படியே. முரசு சிறிது நேரம் ஒலிக்க வேண்டும். பின் அடங்க வேண்டும். அடங்காமல் ஒலித்தால் கேடு. 2007இல் சூசன் லிண்ட்குவிஸ்ட் குழுவினர், இந்தக் காரணி இல்லாத எலிகளில் புற்றுக்கட்டிகள் குறைவாகத் தோன்றுவதைக் கண்டார்கள். கட்டுமீறி வளரும் புற்றணு, தன் கோணல்களைத் தாங்கிக்கொள்ள இதே முரசைப் பயன்படுத்திக்கொள்கிறது. மறுபக்கம், காரணியின் அளவைக் கூட்டிய நுண்புழுக்கள் நெடுநாள் வாழ்ந்ததை 2003இல் சிந்தியா கென்யான் குழுவினர் காட்டினர். மூப்பில் முரசின் ஓசை மங்குகிறது. முதியவரை வெயில் எளிதில் வீழ்த்துவதற்கு உடலின் பல காரணங்கள் உண்டு. அவற்றினூடே இதையும் எண்ணிப் பார்க்க இடமிருக்கிறது.

*

மூதாட்டி சொன்ன 'பழக்க'த்துக்கு இப்போது திரும்பலாம். 1984இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சோயா நாற்றுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நேராக 45 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் வைத்தால் நாற்றுகள் செத்தன. முதலில் 40 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்து, அதன்பின் 45க்குக் கொண்டுபோனால் பிழைத்தன. சிறு துன்பம் பெருந்துன்பத்துக்கு அணியம் செய்கிறது. அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் திரண்டுவிடுகின்றன. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகப் பயிர்வினையியலாளர்கள் இதையே ஒரு தேர்வுமுறையாக ஆக்கினார்கள். நாற்றுகளை மெல்ல மெல்லச் சூடேற்றி, பின் கொல்லும் வெப்பத்தில் வைத்து, எவை மீள்கின்றன என்று பார்ப்பது அம்முறை. படிப்படியாகச் சூடேற்றினால்தான் எது வலிய இரகம் என்ற வேறுபாடே வெளிப்படுகிறது. விடியலிலிருந்து உச்சிவரை வெயில் ஏறுவதும் அப்படித்தானே.

ஓடிப்போக இயலாத தாவரங்கள் இதில் விலங்குகளை விஞ்சியவை. ஈயிலும் ஈஸ்ட்டிலும் இந்தக் காரணி ஒன்றே ஒன்று. அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில் 21. ராஜகிரிப் பாறை வெடிப்பில் நாங்கள் பார்த்த புல்லும் இப்படியொரு பெரிய முரசுக் கூட்டத்தை வைத்துக்கொண்டுதான் அங்கே நின்றிருக்க வேண்டும்.

எனினும் மல்லாட்டைக் கொல்லையில் ஓர் இடறல் உண்டு. செஞ்சிக்கு அருகிலுள்ள திண்டிவனத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த இரகங்கள் நாடெங்கும் பரவியவை, டி.எம்.வி. என்ற முன்னெழுத்துகளில் அவ்வூரின் பெயர் இருக்கிறது. நிலக்கடலையின் இலை நாற்பது பாகை வெயிலில் வாடி மாலையில் நிமிர்ந்துவிடும். பூக்கும் காலத்தில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழக்கும். பூ பூத்தும் காய் பிடிக்காது. முதிர்ந்த மகரந்தம் இலையைப் போல வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைத் திரட்ட வல்லதன்று என்பதை மக்காச்சோளம் முதலிய பயிர்களில் கண்டிருக்கிறார்கள். அதாவது செடி தாங்கிவிடுகிறது. அடுத்த தலைமுறை தாங்குவதில்லை. தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கொல்லை பச்சையாகத்தான் தெரியும். பிடுங்கிப் பார்க்கும்போதுதான் வேரடியில் காய் இல்லாதது தெரியும்.

மனித உடம்பும் பழகத்தான் செய்கிறது. ஒன்றிரண்டு வாரம் வெயிலில் வேலை செய்தால் வியர்வை முன்கூட்டியே சுரக்கிறது, உயிரணுக்களில் எச்.எஸ்.பி.70 வகைப் புரதங்களின் இருப்பும் உயர்கிறது. ஆனால் உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டிவிட்டால் எந்தப் பழக்கமும் காப்பாற்றாது. பழக்கத்துக்குத் தேவையான இடைவெளி, இரவின் குளிர்ச்சி. இரவும் புழுங்கினால், தகரக் கூரை வீட்டில் விடியும்வரை சூடு இறங்காவிட்டால், மறுநாள் காலையில் அந்த உடம்பு ஏற்கெனவே முற்றுகையில்தான் எழுகிறது. விடியலில் கொல்லையில் இறங்கி உச்சிக்கு முன் கரையேறும் நம் உழவர் வழக்கத்தில் இந்த அறிவு அடங்கியிருந்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததும் இதை ஒப்புக்கொண்டதன் அடையாளம் எனலாம்.

செஞ்சிக்கு வடக்கே, சிறுகடம்பூரை அடுத்துத் திருநாதர்குன்று இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண முனிவர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதை அங்குள்ள பழந்தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அது அவர் தாமாக ஏற்ற துன்பம், முடிவும் அவருடையது. வெள்ளரிப்பிஞ்சு விற்கும் மூதாட்டியின் வெயில் அவர் தேர்ந்துகொண்டதன்று. இரண்டையும் 'தாங்குதல்' என்ற ஒரே சொல்லால் போற்றிவிட நமக்கு உரிமையில்லை என்றே தோன்றுகிறது. உழைக்கும் மக்களின் உடம்பு எதையும் தாங்கும் என்று சொல்லிப் பழகிவிட்டவர்கள் நாம். தாங்குதல் என்பது கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவிடுவது. வேறு வேலைகளை நிறுத்தி வைத்துச் செலவிடுவது. களஞ்சியம் மறுபடி நிரம்ப வேண்டும் என்றால் முற்றுகை சிறிது நேரமாவது விலக வேண்டும்.

நாங்கள் பேருந்து ஏறும்போது மணி ஒன்று. மூதாட்டி கூடையைப் புளியமரத்தடிக்கு மாற்றியிருந்தார். நிழல் அவர் காலடியிலிருந்து விலகிக்கொண்டிருந்தது. அதற்கேற்ப அவரும் கூடையைச் சற்றுச் சற்றாக நகர்த்திக்கொண்டிருந்தார்.